வீட்டுக்கும் படிப்புக்கும் ஆஃபிஸ் மென்பொருள்: எதை எடுப்பது என்று முடிவு செய்வது எப்படி?

புது லேப்டாப் கைக்கு வந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, “இதுல வேர்ட் இருக்கா?” என்பதுதான். கட்டுரை என்றாலே வேர்ட், கணக்கு என்றாலே எக்ஸெல் என்று பெயர்கள் அவ்வளவு பழகிப்போய்விட்டன. ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே தேவையில்லாமல் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறவர்களையும், சந்தா கட்ட முடியாமல் எங்கிருந்தோ ஒரு க்ராக் பதிப்பை இறக்கிக் கணினியையே கெடுத்துக்கொண்டவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

எனக்கு இது புரிந்தது ஒரு கஷ்டமான நாளில். கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் அறிக்கை, 70 பக்கத்துக்கு மேல், வீட்டில் ஒரு மென்பொருளில் எழுதி முடித்திருந்தேன். கொடுக்க வேண்டிய நாள் காலையில் அச்செடுக்க வேறு கணினியில் திறந்தால், பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்ணும் பொருந்தவில்லை, அட்டவணைகள் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்தில் கிடந்தன, தமிழில் எழுதியிருந்த முன்னுரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இரண்டுமே நல்ல மென்பொருள்தான். ஃபைல் எங்கே போய்த் திறக்கப்படும் என்று நான் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்: நீங்கள் செய்யும் ஃபைலை யார், எதில், எதற்காகத் திறக்கப் போகிறார்கள்?

படி 1: ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்

எதையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் நீங்கள் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். விண்ணப்பக் கடிதம், சுயவிவரம், அசைன்மென்ட், வீட்டு வரவு செலவு, வகுப்பில் காட்டும் ஸ்லைடுகள், ஆய்வேடு, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது உங்களோடு நிற்குமா, இன்னொருவர் வாசிக்க மட்டும் செய்வாரா, இல்லை அதற்குள் கைவைத்துத் திருத்துவாரா என்று குறியுங்கள்.

உங்களோடு நிற்பதற்கு எந்த மென்பொருளும் போதும். வாசிக்க, அச்செடுக்க மட்டும் போகிறது என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடலாம், அதை எதில் எழுதினீர்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இன்னொருவர் திருத்துவார் என்கிற வகை மட்டும்தான் உங்கள் கையைக் கட்டும். அந்த வகையில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வேலைகளுக்கு மேல் வராது.

ஆசிரியர் “டாக்எக்ஸ் ஃபைலாக அனுப்பு” (வேர்ட் ஆவணங்களைச் சேமிக்கும் வழக்கமான வடிவம் அது) என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாசிக்கத்தானா, இல்லை ட்ராக் சேஞ்சஸ் (செய்த மாற்றங்களைத் தனியாகக் காட்டும் வசதி) போட்டுத் திருத்தித் திருப்பித் தருவீர்களா? துறையில் டெம்ப்ளேட் (பக்க அமைப்பு முன்பே செய்து வைத்த மாதிரி ஃபைல்) ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் இப்போதே வாங்கி வையுங்கள். பின்னால் சோதனைக்கு அது ரொம்ப உதவும்.

படி 2: காசு கொடுப்பதற்கு முன், ஏற்கெனவே கையில் இருப்பதைப் பாருங்கள்

மாணவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கல்வி நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை. தகுதியுள்ள கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மைக்ரோசாஃப்ட், பிரவுசரில் ஓடும் வேர்ட், எக்ஸெல், பவர்பாயிண்ட், ஒன்நோட் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. சில நிறுவனங்கள் கூடுதலாகக் கட்டணம் கட்டி, கணினியில் நிறுவும் முழுப் பதிப்பையே மாணவர்களுக்கு வாங்கி வைத்திருக்கும். அது இருப்பதே தெரியாமல் சொந்தக் காசில் சந்தா போட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். நூலகத்திலோ கணினிப் பிரிவிலோ ஒருமுறை விசாரித்தால் முடிந்தது.

கல்வி மின்னஞ்சல் இல்லையென்றாலும், சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் அதே பிரவுசர் பதிப்பு, இணையத்தில் ஃபைல் வைக்க 5 ஜிபி ஒன்ட்ரைவ் இடத்தோடு இலவசமாகக் கிடைக்கும். கூகுள் கணக்கு இருந்தால் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் மூன்றும் 15 ஜிபி இடத்தோடு தயாராக இருக்கின்றன (அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்தே பங்கு போடுகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்). ஆப்பிள் கணினி, ஐபேட் வைத்திருப்பவர்களுக்குப் பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றும் இலவசம்.

புதுக் கணினியில் ஆஃபிஸ் ஏற்கெனவே இருப்பது மாதிரித் தெரிந்தால், அது முழுப் பதிப்பா, சில வாரம் ஓடி நிற்கும் சோதனைப் பதிப்பா என்று பாருங்கள். வேர்டைத் திறந்து ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் பகுதிக்குப் போனால் சொல்லிவிடும். ஒரு மாத இலவசச் சந்தாவுக்குக் கார்டு எண் கொடுத்திருந்தால், மாதம் முடிந்ததும் பணம் தானாகப் போகும். வேண்டாம் என்றால் அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துதான் போகும்.

படி 3: கணினி, இணையம்

இது சீக்கிரம் முடிகிற படி. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா, க்ரோம்புக்கா? லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் நிறுவும் பதிப்பு கிடையாது. க்ரோம்புக்கில் பிரவுசர் வழிதான் இயல்பு. ஆஃபிஸின் தரவுத்தள மென்பொருளான ஆக்செஸ் விண்டோஸுக்கு மட்டும்தான், மேக் வைத்திருப்பவர் பாடத்திட்டத்தில் ஆக்செஸ் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் கணினியில் நிறுவும் ஒன்று கட்டாயம் வேண்டும். கூகுள் டாக்ஸை இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம், ஆனால் இணையம் இருக்கும்போதே ஆஃப்லைன் வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும், க்ரோம் அல்லது எட்ஜ் பிரவுசரும் வேண்டும்.

படி 4: யார் யார் இருக்கிறார்கள்

முதலில் லிப்ரே ஆஃபிஸ். புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஸ்டார் ஆஃபிஸ் என்ற பழைய மென்பொருளை 1999இல் சன் என்ற கணினி நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்துவிட்டது, அதுதான் ஓப்பன் ஆஃபிஸ். 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனபோது, அதில் வேலை செய்துகொண்டிருந்த பலர் பிரிந்து வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, லிப்ரே ஆஃபிஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். வேர்டுக்கு ஈடாக ரைட்டர், எக்ஸெலுக்கு கால்க், பவர்பாயிண்டுக்கு இம்ப்ரெஸ், கூடவே படம் வரைய டிரா, தரவுத்தளத்துக்கு பேஸ், சமன்பாடுகளுக்கு மேத். பதிவு செய்ய வேண்டாம், விளம்பரம் இல்லை, வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே மாதிரி இலவசம், மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். திறந்தவுடன் பழைய காலத்து மென்பொருள் மாதிரித் தெரிகிறது என்று சிலர் மூடிவிடுகிறார்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதைத் திறந்து டேப்ட் என்று மாற்றினால் வேர்டின் ரிப்பன் போலவே பட்டைகள் வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரைப் பழைய புத்தகங்களில் பார்த்துவிட்டு அதையே தேடி இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அபாச்சி ஓப்பன் ஆஃபிஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் 2014இல் வந்த 4.1 வரிசையிலேயே சின்னச் சின்னத் திருத்தங்களோடு நிற்கிறது. அதில் டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கலாம், அதே வடிவத்தில் சேமிக்க முடியாது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் அதை எடுக்கக் காரணமே இல்லை.

அடுத்தது கூகுள் டாக்ஸ் குடும்பம். நான்கு பேர் சேர்ந்து ஒரே அசைன்மென்ட் செய்கிறீர்கள் என்றால் இதை விட்டு வேறெங்கும் போகவேண்டாம். ஒரே நேரத்தில் எல்லோரும் எழுதலாம், யார் என்ன மாற்றினார்கள் என்று பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம், தவறிப்போய் யாராவது பாதியை அழித்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். தமிழில் பேசினால் தட்டச்சாகும் வசதியும் உண்டு. குறை, நீண்ட ஆவணங்களில் தெரியும்: 100 பக்க ஆய்வேட்டில் அடிக்குறிப்பு, படங்களின் எண், குறுக்குக் குறிப்பு என்று போகப்போக, வேர்டிலோ ரைட்டரிலோ சுலபமாக வருவதற்கு இங்கே தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கும். ஷீட்ஸில் ஒரு ஃபைலுக்கு 1 கோடி செல் என்ற வரம்பு இருக்கிறது, வீட்டுக் கணக்குக்கு அதில் ஒரு மூலைகூட நிரம்பாது.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் பற்றி நான் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காசு இருந்தால், அல்லது நிறுவனம் கொடுத்தால், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார், துறை கொடுத்த டெம்ப்ளேட்டில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இருக்கிறது, பாடத்திலேயே பவர் குவெரியோ (எக்ஸெலில் தரவை இறக்கிச் சீர்செய்யும் வசதி) விபிஏவோ (மேக்ரோ எழுதும் மொழி) இருக்கிறது என்றால் வேறு வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விபிஏ மேக்ரோக்களை லிப்ரே ஆஃபிஸ் ஓரளவுக்குத்தான் ஓட்டும், கூகுள் ஷீட்ஸில் அதற்கு வேறு மொழியே கற்க வேண்டும்.

ஒன்லி ஆஃபிஸ் பலருக்குத் தெரியாத ஒன்று. இதன் கணினிப் பதிப்பு இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டாக்எக்ஸ் வடிவத்தையே தன் சொந்த வடிவமாக வைத்துக் கட்டியது என்பதால், வேர்டில் செய்த சிக்கலான பக்க அமைப்பைப் பல நேரம் குலையாமல் காட்டிவிடும். லிப்ரே ஆஃபிஸில் ஒரு ஃபைல் கலைந்து தெரிந்தால் அடுத்து இதில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று மட்டும் உங்கள் கணினியில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

டபிள்யூபிஎஸ் ஆஃபிஸ் கைபேசியில் நிறையப் பேர் வைத்திருப்பது. தோற்றம் வேர்ட் மாதிரியே இருக்கும், இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில வசதிகளுக்குக் காசு கேட்கும். அவசரத்துக்குச் சரி. முழுநேரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், விளம்பரங்களுக்கு நடுவே ஆய்வேடு எழுத யாருக்கும் பொறுமை இருக்காது.

படி 5: சோதனை ஃபைல்

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விமர்சனங்களைப் பத்து படிப்பதைவிட இந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

நான்கைந்து பக்கத்தில் ஒரு ஆவணம் தயார் செய்யுங்கள். நிறுவனம் கொடுத்த டெம்ப்ளேட் இருந்தால் அதிலேயே செய்யலாம். தலைப்புகளை ஹெடிங் ஸ்டைல் கொடுத்து எழுதி, தானாக உருவாகும் பொருளடக்கம் ஒன்றைப் போடுங்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்ததில் முடிகிற அட்டவணை ஒன்று, இரண்டு மூன்று அடிக்குறிப்பு, எழுத்து சுற்றி ஓடும் ஒரு படம், உங்கள் பாடத்தில் வருமானால் ஒரு சமன்பாடு, ஒரு பத்தி தமிழ், ஒரு கமென்ட், ட்ராக் சேஞ்சஸில் ஒரு திருத்தம். இவ்வளவும் இருந்தால் எந்த மென்பொருளும் தன் குணத்தைக் காட்டிவிடும்.

இப்போது அதை டாக்எக்ஸாகச் சேமித்து, நீங்கள் எடுக்க நினைக்கும் மென்பொருளில் திறந்து, ஒரு வரியை மாற்றிச் சேமித்து, அது கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் திருப்பித் திறந்து பாருங்கள். ஆசிரியர் வேர்ட் வைத்திருக்கிறார் என்றால் நண்பரின் கணினியிலோ ஆய்வகத்திலோ வேர்டில் திறந்து பார்ப்பது நல்லது, அதற்கு வழியில்லை என்றால் இலவசமான பிரவுசர் வேர்டில் ஏற்றிப் பாருங்கள். பக்க எண்ணிக்கை அதேதானா? அடிக்குறிப்பு அதே பக்கத்தில் இருக்கிறதா? படம் நகர்ந்துவிட்டதா? திருத்தத்தை ஏற்கவும் மறுக்கவும் முடிகிறதா? போகும்போது எல்லாம் சரியாக இருந்து திரும்பி வரும்போது குலைவதும் உண்டு, அதனால் ஒரு முழுச் சுற்று சுற்றாமல் முடிவுக்கு வராதீர்கள்.

பக்கங்கள் நகர்ந்திருந்தால் உடனே மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் எழுத்துருதான். ஆவணத்தில் இருக்கும் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் அது வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், எழுத்தின் அகலம் ஒரு இழை மாறினாலும் வரி உடையும் இடம் மாறும், வரி மாறினால் பத்தி, பத்தி மாறினால் பக்கம், அப்புறம் பொருளடக்கமே தப்பு. 2007 முதல் வேர்டின் இயல்பு எழுத்துருவாக இருந்தது கலிப்ரி. 2023இல் அதை மாற்றி ஆப்டோஸ் கொண்டுவந்தார்கள், பழைய ஆஃபிஸ் இருக்கிற கணினிகளில்கூட அது இருக்காது. லிப்ரே ஆஃபிஸ் தன்னோடு கார்லிட்டோ, லிபரேஷன் செரிஃப், லிபரேஷன் சான்ஸ் என்ற எழுத்துருக்களைக் கொண்டுவருகிறது, இவை முறையே கலிப்ரி, டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் ஆகியவற்றின் அகலத்திலேயே வரையப்பட்டவை. ஆகவே கைமாறப் போகும் ஆவணத்தை டைம்ஸ் நியூ ரோமனிலோ ஏரியலிலோ எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கணக்கு வேலைக்கும் இதே மாதிரி ஒரு சோதனை: நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் சூத்திரங்கள், ஒரு டிராப்டவுன், தரவைத் தொகுத்துக் காட்டும் ஒரு பிவட் அட்டவணை, ஒரு வரைபடம். எக்ஸ்லுக்அப் போன்ற புதிய எக்ஸெல் சூத்திரங்கள் லிப்ரே ஆஃபிஸில் 24.8 பதிப்பிலிருந்துதான் இருக்கின்றன, பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். ஸ்லைடுகளில் அனிமேஷனும் வீடியோவும்தான் அதிகம் குலையும். முடிந்த வரை குறையுங்கள், பேசப் போகும் அறையின் கணினியில் முன்னாலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கையில் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும்.

ஒரு சின்னத் தகவல், என்றைக்காவது கைகொடுக்கும். டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஃபைல் திறக்க மறுக்கிறது, உள்ளே இருக்கும் படங்களாவது வேண்டும் என்றால், ஒரு பிரதி எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், வேர்ட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும்.

படி 6: தமிழில் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியவை

எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் எழுதுங்கள், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அப்படிப்பட்ட பழைய ஃபைல்கள் கையில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேட வேண்டியதுமில்லை, விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும்.

வேர்டிலும் ரைட்டரிலும் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கானதிலிருந்து தனியாக வைக்கப்பட்டிருக்கும். ஸ்டைலில் 12 என்று மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லையே என்று திகைத்திருந்தால் காரணம் இதுதான். வேர்டில் ஃபான்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியையும், லிப்ரே ஆஃபிஸில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதையும் தேடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் அது தெரியவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குள் போய் அதை இயக்க வேண்டும்.

இன்னொரு இடம் சிஎஸ்வி ஃபைல், அதாவது காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்து அட்டவணை. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். தரவு போய்விட்டது என்று பயந்து அப்படியே சேமித்துவிடாதீர்கள், அப்போதுதான் உண்மையிலேயே போகும். மூடிவிட்டு, டேட்டா பட்டையில் உள்ள இறக்குமதி வழியாகப் போய், யுடிஎஃப் 8 (யூனிகோடின் வழக்கமான குறியேற்றம்) என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க் திறக்கும்போதே எந்தக் குறியேற்றம் என்று கேட்கும், பல நேரம் அதற்காகவே நான் அதில் திறப்பேன்.

படி 7: வாங்குவதாக இருந்தால்

மைக்ரோசாஃப்ட் 365 என்பது சந்தா. பெர்சனல் ஒருவருக்கு, ஃபேமிலி 6 பேர் வரை, ஆளுக்கு 1 டிபி ஒன்ட்ரைவ் இடம் தனித்தனியாக. வீட்டில் மூன்று நான்கு பேருக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் ஃபேமிலியைப் பங்கிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சந்தா நின்றால் ஃபைல்கள் அழியாது, ஆனால் கணினியில் உள்ள வேர்டில் பார்க்கவும் அச்செடுக்கவும் மட்டும்தான் முடியும், திருத்த முடியாது.

ஒருமுறை காசு கொடுத்து வாங்குவது ஆஃபிஸ் ஹோம் 2024. வேர்ட், எக்ஸெல், பவர்பாயிண்ட், ஒன்நோட் இருக்கும், ஒரே ஒரு கணினிக்கு. நாலைந்து ஆண்டு ஒரே லேப்டாப்பில் வேலை, கிளவுட் இடம் வேண்டாம் என்பவருக்குச் சந்தாவைவிட இது பொருந்தலாம். ஆனால் இதற்கும் ஆயுள் உண்டு: ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, 2021க்கு 2026 அக்டோபர் வரைதான். பழைய பதிப்பை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் இந்தத் தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலிவு என்று சொல்லும்போது, நம்பவே முடியாத விலைக்கு ஆக்டிவேஷன் கீ விற்கும் இடங்களை விட்டு விலகியே இருங்கள். பெரிய நிறுவனங்களுக்காகக் கொடுத்த கீயையோ திருட்டுக் கீயையோ துண்டு போட்டு விற்பது அங்கே நடக்கும், ஒரு நாள் அது முடக்கப்பட்டால் கேட்க ஆளிருக்காது. க்ராக் பதிப்பு அதைவிட மோசம். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் வருகிற நிரலை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போவதும் அதுவும் ஒன்றுதான். நல்ல இலவச மென்பொருள் இவ்வளவு இருக்கும்போது அந்தப் பக்கம் போக எந்த அவசியமும் இல்லை.

படி 8: முடிவு

கல்வி நிறுவனம் முழுப் பதிப்பைக் கொடுத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் கணினியில் லிப்ரே ஆஃபிஸ், கூட்டு வேலைக்குக் கூகுள் டாக்ஸ், இந்த இரண்டோடு தொடங்குங்கள். சோதனை ஃபைல் குலைந்தால் ஒன்லி ஆஃபிஸ். அதிலும் நடக்கவில்லை, அந்த வேலை அடிக்கடி வருகிறது என்றால், அப்போது காசு கொடுங்கள். இந்த வரிசையில் போனால் எதற்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஆய்வேடு எழுதுகிறவர்கள் கூடவே ஜொடேரோவையும் நிறுவிக்கொள்ளுங்கள். மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் பார்த்துக்கொள்ளும் இலவச மென்பொருள் அது, வேர்ட், லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றோடும் சேர்ந்து வேலை செய்யும். பாதியில் சேர்ப்பதைவிட முதல் பக்கத்திலிருந்தே பயன்படுத்தினால் எத்தனையோ இரவுகள் மிச்சம்.

படி 9: நிறுவிய அன்றே செய்து முடிக்க வேண்டியவை

மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளை நம்ப வேண்டாம்.

லிப்ரே ஆஃபிஸில் நீங்கள் தனியாக எழுதும் ஆவணத்தை அதன் சொந்த வடிவமான ஓடிடியிலேயே வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்குங்கள். இன்னொருவரும் திருத்தும் ஆவணம் என்றால் முதல் நாளிலிருந்து டாக்எக்ஸாகவே இருக்கட்டும். இன்றைக்கு இது நாளைக்கு அது என்று மாற்றி மாற்றிச் சேமிப்பதில்தான் அட்டவணையும் பட்டியல் எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். எப்போதும் டாக்எக்ஸ்தான் என்றால் ஆப்ஷன்ஸில் லோட் சேவ் பகுதியில் அதையே இயல்பாக்கிவிடலாம்.

கணினி திடீரென்று நின்றால் மீட்பதற்காகத் தானாகப் பிரதி எடுக்கும் ஆட்டோரிக்கவரியின் நேரத்தைக் குறையுங்கள். 10 நிமிடம் என்று இருக்கும், நான் 3 வைத்திருக்கிறேன். வேர்டில் ஆட்டோசேவ் என்று மேலே தெரியும் பொத்தான் ஒன்ட்ரைவ் போன்ற கிளவுட் இடத்தில் சேமித்த ஃபைலுக்கு மட்டும்தான் வேலை செய்யும், கணினியில் மட்டும் இருக்கும் ஃபைலுக்குக் கண்ட்ரோல் எஸ் தான் துணை. ஆய்வேடு மாதிரிப் பெரிய வேலைக்கு, ஒவ்வொரு நாளும் தேதியோடு ஒரு பிரதி எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கள்.

கூகுள் டிரைவை கணினியோடு இணைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோல்டரில் தெரியும் ஜிடாக் ஃபைல் வெறும் இணைப்புதான், எழுத்து அதற்குள் இல்லை. அதைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டுப் பிரதி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃபைல் மெனுவில் டவுன்லோட் கொடுத்து டாக்எக்ஸாக இறக்கினால்தான் அது உண்மையான பிரதி.

கல்வி நிறுவனத்தின் கணக்கில் வேலை செய்கிறவர்கள், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசிப் பருவம் தொடங்கும்போதே எல்லா ஃபைல்களையும் சொந்த இடத்துக்கு மாற்ற ஆரம்பியுங்கள். கூகுள் கணக்கு என்றால் அதன் டேக்அவுட் என்ற வசதி வழியாக மொத்தமாக இறக்கலாம், ஒன்ட்ரைவ் என்றால் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டவுன்லோட். இறக்கிய பிறகு நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பழைய கணக்கை விடுங்கள்.